பெயர் சொன்ன குரல்கள்: இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் தலைப்பை அமைப்பாளர்கள் என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். எழுத்தாளர்களைப் பற்றியும் இசைவாணர்களைப் பற்றியும் இந்த மேடையில் பலர் பேசியிருக்கிறார்கள். நான் அறிவிப்பாளர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் இசைத்தட்டுக்கும் இசைத்தட்டுக்கும் இடையே பேசியவர்களைப் பற்றி. இருபதாம் நூற்றாண்டின் தமிழ்ப் பண்பாட்டு வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை. அதை நான் உறுதியாக நம்புகிறேன். பழைய நினைவுகளைச் சொல்லி மகிழ்வதோடு நிறுத்திக்கொண்டால் இந்த உரை வீண். அவர்கள் செய்த வேலை என்ன, அது எப்படி நடந்தது என்று பார்க்க விரும்புகிறேன்.

முதலில் நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம். கொழும்பில் தந்தி இலாகாவின் பொறியாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் தலைமையில் இருந்த நேசநாட்டுப் படைகளுக்காகக் கொழும்பிலிருந்து ஒரு வானொலி இயங்கியது. அந்தத் தேவைக்காக ஏக்கலையில் வலுவான சிற்றலை ஒலிபரப்பிகள் நிறுவப்பட்டன. போர் முடிந்து, நாடும் விடுதலை பெற்று, 1949இல் அந்தக் கருவிகள் இலங்கை அரசின் கைக்கு வந்தன. ஒரு சிறிய தீவின் தேவைக்கு மிகவும் மிஞ்சிய வலிமை அது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாக 1950இல் வர்த்தக சேவை பிறந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபோர்ட் டாட் அதை வழிநடத்தினார்.

இந்தப் பக்கம் இந்தியாவில் 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் மெல்ல மெல்லக் காணாமல் போயிற்று. கேட்பவர்கள் குமிழைத் திருகிக் கொழும்புக்குப் போனார்கள். இந்தியில் அமீன் சயானி நடத்திய 'பினாக்கா கீத்மாலா' அந்த ஆண்டு இறுதியில்தான் தொடங்கியது. பம்பாயில் பதிவாகி, ஒலிநாடாவாக விமானத்தில் கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து வட இந்தியா முழுக்கத் திரும்பி வந்தது. நடிகராவதற்கு முன் சுனில் தத் அந்த நிலையத்துக்காகத்தான் நட்சத்திரங்களைப் பேட்டி கண்டுகொண்டிருந்தார். 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியின் திரைப்பாடல் சேவையான விவித் பாரதி வந்து சேர்ந்தபோது ஒரு தலைமுறையின் காது ஏற்கெனவே கொழும்புக்குப் பழகியிருந்தது. தமிழுக்கும் இதே கதைதான். சென்னையில் உருவான பாட்டைச் சென்னைக்காரர்கள் கொழும்பு வழியாகக் கேட்டார்கள்.

பாட்டுக்காகத்தான் போனார்கள். ஆனால் பாட்டு இங்கேயும் கிடைக்கத் தொடங்கிய பிறகும் ஏன் அங்கேயே இருந்தார்கள்? என் உரையின் மையக் கேள்வி இது. என்னிடம் இருக்கும் விடை, அந்த அறிவிப்பாளர்கள் பெயர் சொன்னார்கள் என்பதே. தங்கள் பெயரைச் சொன்னார்கள், பாட்டை உருவாக்கியவர்களின் பெயரைச் சொன்னார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டுக்கொண்டிருந்தவர்களின் பெயரைச் சொன்னார்கள்.

அகில இந்திய வானொலியில் அந்தக் காலத்தில் செய்தி வாசிப்பவரின் பெயர் தெரியும். 'ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி' என்று கேட்டால் இன்றும் நிமிர்ந்து உட்காருகிறவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். ஆனால் பாட்டு வைப்பவரின் பெயர் பொதுவாக நமக்குத் தெரியாது. நிலையம் பேசும், ஆள் பேசமாட்டார். கொழும்பில் ஆள் பேசினார். எஸ்.பி. மயில்வாகனன் என்ற பெயர் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தமிழகத்தின் தேநீர்க் கடைகளில் ஒரு நடிகரின் பெயரைப் போல உலவியது. அவருடைய படத்தைக்கூடப் பார்த்திராத மக்கள் அவரைத் தெரிந்தவர்போலப் பேசினார்கள். வர்த்தக சேவையின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு குணத்தை வகுத்துக் கொடுத்த முன்னோடி அவர். சிரித்த முகத்தோடு பேசுகிறார் என்று குரலை வைத்தே தெரியும். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு விதமாகப் பேசினாலும், கேட்பவரைப் பெயர் தெரிந்த ஒரு மனிதர் வரவேற்கிறார் என்ற அந்த ஏற்பாடு மாறவில்லை.

நிகழ்ச்சிகளின் பெயர்களை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பொங்கும் பூம்புனல். நேயர் விருப்பம். நீங்கள் கேட்டவை. இசையும் கதையும். இரவின் மடியில். பூவும் பொட்டும். விளம்பரத்தால் வாழ்ந்த ஒரு நிலையம், சோப்புக்கும் பற்பசைக்கும் நடுவே, இந்தப் பெயர்களைக் காற்றில் விட்டது. வணிகம் என்றால் மொழியைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும் என்று இன்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

இந்த மொழி தானாக வந்துவிடவில்லை. இலங்கை வானொலியிலும் பிறகு லண்டன் பி.பி.சி.யிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் 'ஒலிபரப்புக் கலை' என்று ஒரு முழு நூலே எழுதினார். பி.பி.சி. தமிழ் நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவரும் அவரே. ஒலிவாங்கியின் முன்னால் எப்படி உட்காருவது, எழுதியதைப் பேச்சாக மாற்றுவது எப்படி என்பதையெல்லாம் தமிழில் ஒருவர் ஐம்பதுகளிலேயே உட்கார்ந்து சிந்தித்து எழுதியிருக்கிறார். அந்தச் சிந்தனை நிலையத்தின் சூழலில் இருந்தது. நாடகத் தயாரிப்பாளர் 'சானா' சண்முகநாதன், சிறுவர் நிகழ்ச்சி நடத்திய 'வானொலி மாமா' சரவணமுத்து போன்றவர்களின் கீழ் வளர்ந்தவர்கள்தான் பின்னாளில் அறிவிப்பாளர்களானார்கள். நாடகம் நடித்த குரலுக்கு ஒரு சொல்லை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். ராஜேஸ்வரி சண்முகம் அப்படி வந்தவர். வானொலி நாடக நடிகையாகத் தொடங்கி அறிவிப்பாளராகி, 'வானொலிக் குயில்' என்று பெயர் பெற்று, 2012இல் காலமானார். பட்டத்தைக் கேட்டுக் குழைந்த குரல் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய குரலில் ஒரு வீட்டின் மூத்த பெண்ணுடைய நிதானம் இருந்தது. 'பூவும் பொட்டும்' கேட்ட தமிழகப் பெண்கள் பலருக்கு, அடுக்களைக்குள் வந்து சமமாகப் பேசிய முதல் பொதுக் குரல் அதுவாகத்தான் இருந்திருக்கும். பெண்களுக்கு அறிவுரை சொல்லும் குரல்கள் நிறைய இருந்தன. பேச்சுத் துணையாக இருந்த குரல்கள் குறைவு.

சிற்றலையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். இன்றைய மாணவர்களுக்கு அது தெரியாது. சிற்றலையில் குரல் ஏறி இறங்கும், தேய்ந்து போகும், பக்கத்து நிலையத்தின் சீனமோ அரபியோ குறுக்கே வரும். அந்த இரைச்சலைத் தாண்டி ஒரு சொல் வந்து சேர வேண்டுமானால் மெய்யெழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக விழ வேண்டும். லகர ளகர ழகரங்களை அவர்கள் அவ்வளவு கவனமாக ஒலித்ததற்கு மொழிப்பற்று ஒரு காரணம், தேய்ந்துபோகும் அலை இன்னொரு காரணம் என்பது என் எண்ணம். இராமநாதபுரம், நாகப்பட்டினம் கரையோரங்களில் மத்திய அலையிலேயே உள்ளூர் நிலையம்போல் கேட்கும். மதுரைக்கு மேலே போகப் போகக் காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். அன்று இரு நாடுகளின் நேரமும் ஒன்றாகவே இருந்ததால், கொழும்பு சொன்ன மணியை வைத்து இங்கே கடிகாரம் திருத்தியவர்களும் உண்டு.

பாட்டை உருவாக்கியவர்களின் பெயர் என்று சொன்னேன். படத்தின் பெயர், இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர்கள் என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் இசைத்தட்டு சுழலும். பாடகரைக் குரலால் எவரும் அறிவார். இசையமைப்பாளரைச் சுவரொட்டி சொல்லும். எழுதிய கவிஞனை யார் சொல்வார்? கண்ணதாசன் எது, மருதகாசி எது, பட்டுக்கோட்டையார் எது, ஆலங்குடி சோமு எது என்று எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத மனிதரும் பிரித்துச் சொன்ன ஒரு காலம் இருந்தது. அந்தப் பாடத்தை நடத்திய பள்ளிக்கூடம் வானொலிதான். அதில் கொழும்பின் பங்கு பெரிது. இன்று கைப்பேசியில் பாட்டு ஓடுகிறது. நாயகனின் படம் தெரிகிறது. எழுதியவன் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வரிசையில் இலங்கையின் சொந்தப் பாட்டும் வந்து உட்கார்ந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசைப் பாடல்கள் கொழும்பு வழியாகவே தமிழகத்துக்கு வந்தன. மனோகரன் பிறகு 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் இங்கே படங்களில் நடித்தார். எழுபதுகளில் எஸ்.கே. பரராஜசிங்கம் ஈழத்து மெல்லிசைக்கு வானொலியில் இடம் பிடித்துக் கொடுக்கப் பாடுபட்டார். அவர் அறிவிப்பாளர் மட்டுமல்ல, தேர்ந்த பாடகரும்கூட. கோடம்பாக்கத்தின் பெருவெள்ளத்துக்கு நடுவே தன் நாட்டுக் கவிஞனின் பாட்டுக்கு மூன்று நிமிடம் ஒதுக்குவது எளிய வேலையாக இருந்திருக்காது.

இப்போது கேட்டவர்களின் பெயருக்கு வருகிறேன். என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இது.

நேயர் விருப்பத்தில் ஒரு பாட்டுக்கு முன்னால் நீண்ட பெயர்ப் பட்டியல் வரும். பிறந்தநாள் வாழ்த்தில் பட்டியல் இன்னும் நீளும். பிறந்தநாள் கொண்டாடும் குழந்தை, அதை வாழ்த்தும் அப்பா, அம்மா, அம்மம்மா, அப்பப்பா, பெரியப்பா, சின்னம்மா, மாமா, மாமி, மச்சாள் என்று ஒரு குடும்பமே வரிசையாக வந்து நிற்கும். அவசரப்படாமல், ஒரு பெயரையும் விழுங்காமல், திரையுலகப் பெரும்புள்ளியின் பெயருக்குக் கொடுத்த அதே மரியாதையோடு சுன்னாகத்தின் ஒரு குழந்தையின் பெயரையும் வாசித்தார்கள். ஊர்ப்பெயர்கள் வரும். கொக்குவில், வல்வெட்டித்துறை, கல்முனை, காத்தான்குடி, ஹட்டன், பதுளை, மன்னார். அந்த ஊர்களைப் பார்த்திராத தமிழகச் சிறுவர்கள் அவற்றை மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். எங்கள் பகுதியிலிருந்தும் அஞ்சலட்டைகள் போயின. தன் பெயர் ஒலித்த அன்று தெருவில் அந்த ஆளின் நடையே வேறாக இருக்கும்.

இலங்கைத் தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்த 1983 ஜூலைக்குப் பிறகு அதே ஊர்ப்பெயர்கள் செய்திகளில் வரத் தொடங்கின. எரிந்த ஊர், இடம்பெயர்ந்த ஊர், எண்ணிக்கை தெரியாத ஊர் என்று வந்தன. ஈழத்தமிழர் துயரத்துக்காகத் தமிழகம் அன்று அப்படிக் கொதித்தெழுந்ததற்கு இன உணர்வும் அரசியல் இயக்கங்களும் காரணம் என்று எழுதுகிறார்கள். மறுக்கவில்லை. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகள் ஒவ்வொரு நாளும் அந்த ஊர்களின் குழந்தைகளைப் பெயர் சொல்லி நமக்கு அறிமுகப்படுத்தியவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறேன். நமக்கு அவை வரைபடத்தில் பார்த்த ஊர்களாக இருக்கவில்லை. பிறந்தநாள் கொண்டாடிய பிள்ளைகளின் ஊர்களாக இருந்தன.

கே.எஸ். ராஜாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த உரை முழுமையாகாது. காரைநகரைச் சேர்ந்தவர். 'உங்கள் அன்பு அறிவிப்பாளன்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டவர். அவருக்கு முன்னால் அறிவிப்பு என்றால் நிதானம். ராஜா வேகத்தைக் கொண்டுவந்தார். மூச்சு எங்கே வாங்குகிறார் என்று தெரியாது. ஆனால் ஒரு சொல்கூடச் சிதையாது. வேகமாகப் பேசுவது கடினமல்ல. வேகமாகப் பேசும்போது எழுத்துகள் தம் உருவத்தோடு வந்து விழுவதுதான் கடினம். 'திரை விருந்து' நிகழ்ச்சியில் புதுப் படங்களுக்கு விளம்பரம் செய்யும்போது, படத்தின் வசனத் துண்டுகளை வெட்டி, தன் பேச்சுக்கு அந்தப் பாத்திரங்களே பதில் சொல்வதுபோல் அமைப்பார். கேட்கும்போது ராஜாவும் சிவாஜியும் ஒரே அறையில் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். கணினி இல்லை, தொகுப்பு மென்பொருள் இல்லை. நாடாவும், காதும், நொடி தவறாத கையும்தான். இன்றைய பண்பலை அறிவிப்பாளர்கள் எல்லோரும், அறிந்தோ அறியாமலோ, அவருடைய பேரப்பிள்ளைகள். அவரிடமிருந்து வேகத்தை எடுத்துக்கொண்டார்கள். வேகத்துக்கு அடியில் இருந்த உச்சரிப்புப் பயிற்சியையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கலாம்.

அந்த மனிதர் போர்க்காலத்தில் கொழும்பில் கொலை செய்யப்பட்டார். இலட்சக்கணக்கான வீடுகளில் உறவினரைப்போல இருந்த ஒருவரின் சாவு அப்படி நேர்ந்தது. அவருடைய ரசிகர்கள் பலருக்கு அந்தச் செய்தி நெடுநாள் கழித்தே தெரிந்தது. தமிழகத்தில் அவருக்கென்று ஒரு நினைவுக் கூட்டமாவது ஊருக்கு ஊர் நடந்திருக்க வேண்டும். நாம் அதைச் செய்யவில்லை.

பி.எச். அப்துல் ஹமீது வேறொரு மரபு. சிறுவயதிலேயே வானொலிச் சிறுவர் நிகழ்ச்சிக்குள் நுழைந்து, நாடகம், அறிவிப்பு, செய்தி என்று எல்லாப் படிகளிலும் ஏறி வந்தவர். தமிழகத்தின் இளைய தலைமுறை அவரைச் சன் தொலைக்காட்சியின் 'பாட்டுக்குப் பாட்டு' மூலம் அறியும். ஆனால் அந்த நிகழ்ச்சி கொழும்பு வானொலியில் பிறந்து வளர்ந்தது. போட்டியாளர் தோற்கும்போது அவர் பேசுவதைக் கவனியுங்கள். தோற்றவர் மனம் சுருங்காமல் மேடையை விட்டு இறங்க வேண்டும் என்பதில் அவ்வளவு அக்கறை. ஒரு எழுத்தைக் கொடுத்து, அந்த எழுத்தில் தொடங்கும் பாடலைப் பாடச் சொல்லும் எளிய விளையாட்டு. அதற்குள் குறில் நெடில் வேறுபாட்டையும் ஒரு பாடல் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்ற கவனத்தையும் அவர் நுழைத்தார். யாப்பு வகுப்பில் தூங்கியவர்கள்கூட அங்கே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அந்தக் குரல்களின் வரிசையைப் பாருங்கள்: மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், ஹமீது, ராஜா, பரராஜசிங்கம், விசாலாட்சி ஹமீது, வி.என். மதியழகன், ஜோர்ஜ் சந்திரசேகரன், செய்திக்குச் சற்சொரூபவதி நாதன். இந்துவும் முஸ்லிமும் கிறித்தவரும், வடக்கைச் சேர்ந்தவரும் கொழும்பைச் சேர்ந்தவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அவர்கள் பேசிய தமிழை வைத்து ஊரையோ மதத்தையோ எளிதில் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத் தமிழும் அல்ல, சென்னைத் தமிழும் அல்ல, மேடைத் தமிழின் முழக்கமும் அதில் இல்லை. எல்லோருக்கும் உரிய ஒரு பொதுத்தமிழ். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்த நாட்டில், அரசுக்குச் சொந்தமான நிலையத்தில், இந்தத் தமிழ் ஒவ்வொரு நாளும் தலைநிமிர்ந்து ஒலித்தது என்பதை மறக்க வேண்டாம்.

வட்டார வழக்குகளை அவர்கள் ஒதுக்கிவிடவும் இல்லை. நாடகத்தில் அவற்றுக்குத் தாராளமாக இடம் இருந்தது. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சைத் தீவு முழுக்கக் கொண்டுசேர்த்தது. எஸ். ராம்தாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரில் மரைக்கார் முஸ்லிம் தமிழிலும், அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழிலும், ஐயர் அக்கிரகாரத் தமிழிலும், உபாலி சிங்களம் கலந்த தமிழிலும் பேசிக்கொள்வார்கள். அந்தத் தொடர் 1976இல் 'கோமாளிகள்' என்ற படமாகவும் வந்தது. நான்கு வகைத் தமிழும் ஒன்றையொன்று கேலி செய்துகொண்டு, ஆனால் ஒன்றாக உட்கார்ந்து சிரித்த அந்தக் காட்சியை நாட்டின் பின்னாள் வரலாற்றோடு சேர்த்து நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

எண்பதுகளிலும் அதற்குப் பிறகும் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. போர் வந்தது. அறிவிப்பாளர்கள் பலர் புலம்பெயர்ந்தார்கள். தொலைக்காட்சி வந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் கொழும்பிலேயே தனியார் தமிழ்ப் பண்பலைகள் வந்தன. பழைய வர்த்தக சேவை 'தென்றல்' என்ற பெயரில் தொடர்கிறது.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. அந்தப் பேச்சில் மிகப் பெரும்பகுதி நேரடி ஒலிபரப்பு. பேசிய கணத்தில் காற்றோடு போயிற்று. பாட்டு இசைத்தட்டில் இருக்கிறது. பாட்டுக்கு முன்னால் சொன்ன நாற்பது சொற்கள் எங்கும் இல்லை. தப்பிப் பிழைத்தவை யாரோ ஒரு நேயர் தன் வீட்டு டேப் ரிக்கார்டரில் பாட்டுக்காகப் பதிவு செய்தபோது தற்செயலாக உள்ளே அகப்பட்ட குரல்கள்தான். கே.எஸ். ராஜாவின் குரலை இன்று இணையத்தில் சில நிமிடங்கள் கேட்க முடிகிறதென்றால் அப்படிப்பட்ட நேயர்களின் பெட்டியிலிருந்து வந்ததுதான் பெரும்பாலும். அந்தக் கேசட்டுகளின் நாடா இப்போது ஒட்டிக்கொள்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. வீட்டுப் பெரியவர் காலமானதும் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

ஆகவே இந்த மேடையிலிருந்து சில வேண்டுகோள்களை வைக்கிறேன். முதல் வேண்டுகோள் இந்தப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைக்கும் இதழியல் துறைக்கும். அறக்கட்டளையின் அடுத்த ஆண்டு நிதியை இன்னொரு சொற்பொழிவுக்குச் செலவிடாமல், நேயர்களின் கேசட்டுகளைத் திரட்டி எண்மப் பதிவாக்கும் ஒரு சிறு திட்டத்துக்குக் கொடுங்கள். இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சை, நாகை, தூத்துக்குடி மாவட்டங்களில் தொடங்கலாம். உயிரோடு இருக்கும் அறிவிப்பாளர்களையும், தொழில்நுட்பப் பணியாளர்களையும், இசைத்தட்டு நூலகத்தைக் காத்தவர்களையும் சென்னையிலும் கொழும்பிலும் லண்டனிலும் டொரண்டோவிலும் தேடிப் போய்ப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். ஒரு பாட்டை எப்படித் தேர்ந்தார்கள், ஒரு கடிதக் கட்டை எப்படிப் பிரித்தார்கள், விளம்பரதாரர் எதைக் கேட்டார், எதை மறுத்தார்கள் என்று கேளுங்கள். பேட்டி எடுக்கப் போகும் மாணவர்கள் 'நினைவுகளைச் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடைதான் வரும். வேலையைப் பற்றிக் கேட்டால் வேலை வெளியே வரும்.

அவையில் இருக்கும் மூத்தவர்களிடம் எனக்கு இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கேசட் இருந்தால், அதை ஓட்டிப் பார்க்க முயல வேண்டாம். பழைய கருவி நாடாவை அறுத்துவிடும். அப்படியே எடுத்து வந்து துறை அலுவலகத்தில் கொடுங்கள். உறையின் மேல் ஆண்டும், ஊரும், பதிவு செய்தவர் பெயரும் எழுதிக் கொடுங்கள்.